பந்தலுக்கு வராத எண்

காற்று மாசு பற்றிப் பேச்செடுத்தாலே, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் காட்டி, "மக்கள் பங்கேற்புக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறதே" என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்டங்களால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். 30 நாள் முன்னறிவிப்பு, கலெக்டர் அல்லது அவர் பிரதிநிதியின் தலைமை, வீடியோ பதிவு ஆகியவற்றை 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கட்டாயமாக்கியது. வடசென்னை மீனவர்கள் மைக்கைப் பிடித்துச் சொன்னவை அரசு ஆவணமாயின. நல்லது.

ஆனால் அங்கே கேட்கப்படுவது, ஓர் ஆலை வரலாமா, விரிவாகலாமா என்பது மட்டும்தான். அதன் புகையை எந்த அளவுகோலால் அளப்பது என்பது கூட்டத்துக்குப் பந்தல் போடுவதற்கு வெகுமுன்பே முடிவாகிவிடுகிறது. பிஎம் 2.5 நுண்துகள் ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் வகுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த அளவு 5. மாசு மிகுந்த ஊர்கள் படிப்படியாக இறங்கிவர அது வைத்த முதல் இடைக்கால இலக்கே 35தான். எண்ணூரில் ஒரு தாய் எழுந்து, பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் இழுப்பு என்கிறாள். 'அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கிறது' என்ற ஒரு வரி போதும், அவள் புகார் அடிபட்டுப்போக. அந்த வரம்பைப் பற்றி அவளை யாரும் என்றும் கேட்டதில்லை.

வரம்பு வகுப்பது நிபுணர் வேலை என்பார்கள். உடலுக்கு எது கெடுதல் என்று சொல்வது நிபுணர் வேலைதான். 5-க்கும் 40-க்கும் நடுவிலுள்ள தூரத்தை நிரப்புவது மருத்துவம் அல்ல. செலவும், ஆலைகளின் வசதியும், நிர்வாகத்தின் தயக்கமும். யார் நுரையீரல் எவ்வளவு தாங்கலாம் என்ற பேரம் அது. மூச்சுவிடுகிறவர்கள் இல்லாமல் அந்தப் பேரத்தை முடிப்பது அநியாயம்.

அனல் மின்நிலையங்களைப் பாருங்கள். 2015 டிசம்பரில் வந்த புகை வரம்புகளுக்கு 2017 வரைதான் கெடு. அது 2022-க்குத் தள்ளிப்போனது, பிறகும் நீண்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு வரம்பிலிருந்தே விலக்கு கிடைத்தது. புதிய மின்நிலையத்துக்குக் கூட்டம் கூட்டச் சொல்லும் சட்டம், இத்தனை பெரிய தளர்வுக்கு ஒரு பந்தலையும் கேட்கவில்லை. இதைப் பங்கேற்பு என்று அழைப்பது மக்களை ஏமாற்றுவது.

வரம்பை வகுக்கும்போதும், கெடுவை நீட்டும்போதும் வரைவைத் தமிழில் வெளியிட்டு, எண்ணூரிலும் மணலியிலும் கூட்டம் நடத்த வேண்டும். ஆட்சேபத்தை ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஆலையை எதிர்ப்பதோடு நிற்காமல், இந்தக் கோரிக்கையையும் பதிவு செய்யுங்கள்.