பூட்டும் அடுப்படியும்

கண்ணை மூடிக்கொண்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அடுப்படியில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது?

யோசிக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்குச் சமைத்துப் பழக்கமில்லை. சமைக்கிறவர்கள் யோசிப்பதில்லை. கண் குழம்பில் இருக்கும், காது டி.வி. சீரியலில் இருக்கும், கை உப்பில் இருக்கும்.

எனக்கு அந்த உப்பு ஜாடி, கம்ப்யூட்டர் திரையின் இடது கீழ் மூலை. விண்டோஸ் 95 வெளியான 1995 ஆகஸ்ட் 24-ம் தேதியிலிருந்து ஸ்டார்ட் பொத்தான் குடியிருந்த இடம். பி.காம். படிக்கும்போது டேலி கற்றுக்கொள்ளப் போனேன். டெபிட், கிரெடிட் மறந்துவிட்டது. அந்த மூலை மட்டும் கையில் ஒட்டிக்கொண்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் விண்டோஸ் 10-லிருந்து விண்டோஸ் 11-க்கு மாறினேன். ஊர் உலகம் 2021 அக்டோபரிலேயே மாற ஆரம்பித்துவிட்டது. நான் சோம்பேறி. கெடு தாண்டியும் இழுத்தடித்தேன். மாறிய அன்று காலையில் கை வழக்கம்போல இடது மூலைக்குப் போய் க்ளிக் செய்தது. மெனு வரவில்லை, வானிலை வந்தது. சென்னை, 33 டிகிரி. அதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், முதுகு போதும். ஸ்டார்ட் பொத்தான் திரையின் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது.

'சௌகரியமாகத்தானே இருந்தாய், எதற்கு மாறினாய்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திக்கொண்டது. அதற்காக மெஷின் நின்றுவிடாது. மறுநாளும் ஆன் ஆகும், பாட்டுப் பாடும், ரயில் டிக்கெட் போடும். ஆனால் உள்ளே புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வராது. வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்பு கொடுத்தார்கள். 30 டாலர் கட்டலாம். அல்லது உங்கள் கம்ப்யூட்டர் அமைப்புகளை அவர்களுடைய கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம்.

ஓட்டை என்றால் சும்மா இல்லை. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்றொரு வில்லன் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளில் அப்பாயிண்ட்மெண்ட்டுகள் ரத்தாயின. அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, வெளியாகியிருந்தது. போட்டுக்கொள்ளாத மெஷின்கள்தான் மாட்டின.

ஆகவே, மாறத்தான் வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை வேறு.

அதற்கு முன்னால் ஒரு சுயபரிசோதனை. நாற்பதைத் தாண்டியவன் புதுசைப் பார்த்துப் புலம்பினால் அது விமர்சனமா, வயசுக் கோளாறா என்று சந்தேகம் வரும். எனக்கே வந்தது. 2007-ல் எம்.எஸ். ஆபீஸில் பழைய மெனுக்களை எடுத்துவிட்டு 'ரிப்பன்' என்று ஒரு பட்டையை வைத்தார்கள். ஒரு மாதம் திட்டித் தீர்த்தேன். இன்று அந்தப் பழைய மெனுவைக் காட்டினால் திருதிருவென்று முழிப்பேன். அதனால் இந்த முறை ஒரு நோட்டுப் போட்டேன். எரிச்சல் வரும்போதெல்லாம் தேதி போட்டு எழுதுவது. மூன்று வாரம் கழித்து எது மிச்சம் இருக்கிறதோ அதுதான் குறை. மற்றதெல்லாம் பழக்கதோஷம்.

இன்று நோட்டைத் திறந்து பார்த்தேன்.

அடித்துவிட்ட வரிகள்தான் அதிகம். நடுவில் உட்கார்ந்த ஸ்டார்ட் பொத்தான்: பத்து நாளில் கை கற்றுக்கொண்டது. அமைப்புகளுக்குள் போய் இடது பக்கமே தள்ளிவைத்துக்கொள்ளலாம், வீம்புக்காக விட்டுவைத்தேன். ஜன்னல்களின் மழுங்கிய முனைகள்: மறந்தே போச்சு. வரவுப் பக்கத்திலும் சில உண்டு. இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது சுலபமாகியிருக்கிறது. ஒரு பக்கம் பேட்டி, இன்னொரு பக்கம் கட்டுரை என்று வேலை செய்கிறவனுக்கு இது வரப்பிரசாதம். நோட்பேடில் சேமிக்க மறந்து மூடினாலும் அடித்தது அப்படியே திரும்பி வருகிறது. இதைக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்கட்டும்.

அடிக்க முடியாத வரிகள் நான்கு.

ஒன்று, ரைட் க்ளிக். முன்பு ஒரு தடவை அமுக்கினால் எல்லாம் வரும். விண்டோஸ் 11-ல் ஒரு சுருக்கப் பட்டியல் வருகிறது. தேடுவது அதில் இல்லையென்றால் 'இன்னும் காட்டு' என்பதை அமுக்கிப் பழைய பட்டியலுக்குப் போக வேண்டும். வெட்டு, ஒட்டு வேலைகளுக்கு எழுத்தை எடுத்துவிட்டுக் குட்டிக் குட்டிப் படங்கள் வைத்தார்கள். 2024-ல் வந்த பதிப்பில் அந்தப் படங்களுக்குக் கீழே மறுபடி எழுத்தைச் சேர்த்தார்கள். புரியவில்லை என்று சொன்னது நான் மட்டுமில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டு, கணக்கு. வீட்டுப் பதிப்பை முதன்முதலில் நிறுவும்போது இன்டர்நெட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்பது 2021-ல் வழக்கமாகியது. நம் காசில் வாங்கிய பீரோவைத் திறக்க, கடைக்காரரிடம் பெயர் பதிவு செய்வது போல.

மூன்று, விளம்பரம். 2024 ஏப்ரலில் ஸ்டார்ட் மெனுவுக்குள் 'பரிந்துரை' என்ற பெயரில் ஆப்களின் விளம்பரம் நுழைந்தது. நிறுத்திவைக்க வழி இருக்கிறது. இருந்தாலும், காசு கொடுத்துப் போன சினிமாவில் விளம்பரம் போட்டால் நாம் என்ன சொல்வோம்?

நான்கு, எல்லாவற்றையும்விடப் பெரியது. உங்கள் மெஷினுக்கு விண்டோஸ் 11-ஐப் போட்டுக்கொள்ளும் தகுதி இருக்கிறதா என்ற தேர்வு. டி.பி.எம். 2.0 என்ற, ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் சில்லு வேண்டும். இன்டெல் என்றால், பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசர் அல்லது அதற்குப் பிறகு வந்தது வேண்டும். 2017 வாக்கில் நல்ல விலை கொடுத்து வாங்கிய பல லேப்டாப்கள் இந்தத் தேர்வில் ஃபெயில். ஓடும், சூடாகாது, கீ-போர்டில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. ஆனாலும் ஃபெயில். இத்தனைக்கும், விண்டோஸ் 10 வந்த 2015-ல், இதுதான் கடைசி விண்டோஸ் என்று அந்த நிறுவனத்துக்காரர் ஒருவர் மாநாட்டு மேடையில் பேசியிருந்தார். நம்பி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

நான் காமர்ஸ்காரன். தேய்மானம் என்றால் எனக்குத் தெரியும். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஒரு காலத்தில் வருஷத்துக்கு 60 சதவீதத் தேய்மானம் கொடுத்தார்கள், 2017-லிருந்து அது 40 ஆகியது. மெஷின் தேய்கிறது, அதற்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் அந்த மெஷினில் உட்கார்ந்தவனின் கைப்பழக்கம்? 25 வருஷமாகச் சேர்த்த சொத்து அது. எந்த ஐந்தொகையிலும் ஏறாத சொத்து. ஏறாததால்தான் அதை ஒரே ராத்திரியில் அழித்தாலும் யாருடைய கணக்கிலும் நஷ்டமாகக் காட்டுவதில்லை. ஓர் அலுவலகத்தில் 100 பேர் தினமும் 10 நிமிஷம் மெனுவைத் தேடினால், நாளுக்கு 1,000 நிமிஷம். கிட்டத்தட்ட 17 மணி நேரம். இரண்டு ஊழியர்களின் முழுநாள் சம்பளம். எந்தத் தலைப்பில் செலவு எழுதுவார்கள்?

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். திருட்டு பயம் இருக்கிறது, பூட்டை மாற்றணும் என்று ஓர் ஆசாரி வருகிறார். சரி, மாற்றுங்கள் என்கிறோம். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் பூட்டோடு சேர்த்து அடுப்படியையும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். உப்பு பரண்மேல், கரண்டி வாசலில். கேட்டால், 'பழைய அடுப்படிக்கு இந்தப் பூட்டு கிடையாது சார்' என்கிறார்.

பூட்டு எனக்கு அவசியம். அடுப்படி அவர் இஷ்டம். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, அதன்மேல் 'பாதுகாப்பு' என்று எழுதுகிறார்களே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன். புதுப் பாதுகாப்போடு பழைய மெனுவும் வேண்டுமா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்தது. செய்ய முடியாத காரியமா? விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001-ல் செய்தார்களே! புது மெனு பிடிக்காதவர்களுக்குப் பழைய தோற்றத்துக்கு மாறிக்கொள்ளும் வசதியை உள்ளேயே வைத்திருந்தார்கள்.

எக்ஸ்பி என்றதும் அண்ணாச்சி ஞாபகம் வருகிறது. திருவல்லிக்கேணியில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி, பில் புக். அவர் கடையில் ஒரு மெஷினில் இன்னும் எக்ஸ்பி. அதற்குப் பராமரிப்பு நின்றது 2014 ஏப்ரல் 8-ல். இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்காமல், சந்நியாசி மாதிரி வைத்திருக்கிறார்.

காரணம் பிடிவாதம் இல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு விதம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்காரவைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால், மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி ஆங்கிலக் கிறுக்கல் வரும். அந்தக் காலத்து 16-பிட் மென்பொருள் எதுவும் விண்டோஸ் 11-ல் ஓடாது. அண்ணாச்சியின் இத்தனை வருஷத்து ஃபைல்களும் அப்படிப்பட்டவை. அவர் விரல்களும் அப்படிப்பட்டவை, டைப்ரைட்டரில் பழகியவை. யூனிகோடு வந்தது நல்லதுதான், இந்தக் கட்டுரையை நானும் அதில்தான் அடிக்கிறேன். ஆனால் நல்லதுக்கும் ஒரு விலை உண்டு. அதை அண்ணாச்சி மாதிரி ஆட்கள்தான் கட்டுகிறார்கள்.

பையன் வற்புறுத்தி ஒரு புது மெஷின் வாங்கி வைத்திருக்கிறான். "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"புது மெஷின்ல எல்லாம் இருக்கு தம்பி. என் கைதான் அதுல இல்ல" என்றார்.

இதற்கெல்லாம் என்னதான் செய்வது என்கிறீர்களா? முதலில், வாயைத் திறக்க வேண்டும். 2012-ல் விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பொத்தானையே தூக்கிவிட்டார்கள். உலகமே கத்தியது. அடுத்த வருஷமே 8.1-ல் திருப்பி வைத்தார்கள். விண்டோஸ் 11-லும் டாஸ்க்பாரில் காணாமல்போன சில வசதிகள் 2022, 2023-ல் ஒவ்வொன்றாகத் திரும்பின. திரையைச் சில விநாடிக்கொரு தரம் படம் பிடித்துச் சேமிக்கும் 'ரீகால்' வசதியை 2024 மே மாதம் அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் தள்ளிப்போட்டு, விரும்பினால் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். புலம்பலுக்குப் பலன் உண்டு. தேதி போட்ட புலம்பலாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, மாறுவதற்கு முன்னால் ஃபைல்களை வேறோர் இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த முக்கியமானவை இருந்தால், பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள். தேர்வில் ஃபெயிலான லேப்டாப்பைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். லினக்ஸ் போட்டால் பல மெஷின்கள் இன்னும் சில வருஷம் உழைக்கும். வீட்டில் பெரியவர்களுக்கு மாற்றிக் கொடுத்தால், 'இதுகூடத் தெரியலையா?' என்று மட்டும் கேட்காதீர்கள். தெரிந்ததைத்தான் பிடுங்கியிருக்கிறார்கள்.

நேற்று அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தேன். ஒரு ஃபைலைத் தேட எக்ஸ்பி மெஷினில் உட்கார்ந்தேன். கை நேராகத் திரையின் நடுவுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"என்ன தம்பி, நடுவுல என்னத்தத் தேடுதீங்க?" என்று சிரித்தார்.

"பழகிப்போச்சு அண்ணாச்சி."

கை பழகிவிடும். அந்தத் தைரியத்தில்தான் நம்மைக் கேட்காமலே மாற்றுகிறார்கள்.