ஆடும் உடலும் ஆளும் சமூகமும்: ஜேம்ஸின் கிறிக்கெற் நூல் பற்றிய ஒரு நோக்கு

தமிழில் 'ஆடுதல்' என்னும் வினை விளையாட்டுக்கும் நடனத்துக்கும் பொதுவானது. பந்தும் ஆடலாம், கூத்தும் ஆடலாம். 'களரி' என்பதும் அத்தகையதே. மட்டக்களப்பிலே கூத்து நிகழும் இடத்தைச் சுட்டும் அச்சொல், கேரளத்திலே போர்ப்பயிற்சி பெறும் இடத்தைக் குறிக்கும். சொல் வழக்கிலே இணைந்து கிடப்பவற்றை நாம் ஆய்விலே பிரித்து வைத்திருக்கிறோம். விளையாட்டைக் கலைத்திறனாய்வின் எல்லைக்குள் கொண்டுவர எம்மிடையே எவரும் பெரிதாக முயன்றதில்லை.

அம்முயற்சியைத் துணிந்து மேற்கொண்டவர் திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சியச் சிந்தனையாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் (1901–1989). ஹெயிற்றி அடிமைகளின் புரட்சி வரலாற்றை 1938 இல் எழுதிய அவர், 1963 இல் 'பியோண்ட் எ பவுண்டரி' (எல்லைக்கோட்டுக்கு அப்பால்) என்னும் நூலை வெளியிட்டார். விளையாட்டு தொழிலாளரை அரசியலிலிருந்து திசைதிருப்புவது என ட்ரொட்ஸ்கி கருதியதையும், தம்மால் அதனை ஏற்க இயலாது போனதையும் அந்நூலிலேயே அவர் பதிவு செய்கிறார். எமது முற்போக்கு வட்டங்களிலும் ட்ரொட்ஸ்கியின் அக்கருத்தே, அவரை ஏற்காதோரிடத்தும், நிலவி வந்துள்ளது என்பது சுவையான முரண்.

நூலில் அதிகம் பேசப்பட்ட பகுதி, கலை யாதென வினவும் அதிகாரமாகும். நாடகம், பலே, ஒப்பெரா, நடனம் ஆகியவற்றோடு ஒருங்கு வைக்கத்தக்க கலையே கிறிக்கெற் என ஜேம்ஸ் அங்கு வாதிடுகிறார். துடுப்பாட்டக்காரனும் பந்து வீச்சாளனும் தனித்து மோதும் கணத்திலும் ஒவ்வொருவனும் தன் அணி முழுவதன் பிரதிநிதியாக நிற்கிறான். இவ்வமைப்பே நாடகத்தின் அடிப்படை என்கிறார். இது வலுவான வாதம். ஆனால் அடுத்து, இத்தாலிய ஓவியங்களை ஆராய்ந்த பெரென்சனின் அளவுகோல்களை எடுத்து, ஆட்டக்காரனின் அசைவு பார்ப்போரின் உடலுணர்வைத் தூண்டுமாற்றை அவர் விளக்க முற்படும்போது எமக்கு ஐயம் எழுகிறது. அடிமைகளின் வழித்தோன்றல்கள் மைதானத்தில் படைத்த அழகுக்கு ஐரோப்பிய ஓவிய இரசிகர் ஒருவரின் சான்றிதழ் எதற்காக? ஆட்டக்காரனின் உடல் இங்கு பார்க்கப்படும் பொருளாகிவிடுகிறது. அவ்வுடலுக்குரியவன் யார் என்ற வினா பின்தள்ளப்படுகிறது.

இவ்வினாவுக்கான விடை நூலின் தொடக்கத்திலேயே உண்டு. துனபுனாவில் சிறுவன் ஜேம்ஸின் வீட்டுச் சாளரம் மைதானத்தை நோக்கியிருந்தது. அயல்வீட்டு மத்தியூ பொண்ட்மன் வேலைவெட்டியற்றவன்; வெறுங்காலோடு திரிபவன்; வாயைத் திறந்தால் வசை. ஆயினும், துடுப்பைக் கையிலெடுத்து, ஒரு முழங்காலைத் தாழ மடித்து அவன் அடிக்கும் ஓர் அடியைக் கண்டு கூட்டம் தாழ்ந்த குரலில் நீளப் பெருமூச்செறியும். சமூகம் எவ்வகை மதிப்பும் அளிக்காத ஒருவன், அந்த அடியின் கால அளவுக்கு மட்டும் 'ஒருவன்' ஆகிறான். எம் கணிப்பில், பெரென்சன் பற்றிய பக்கங்கள் அனைத்தையும்விட இச்சிறு சித்திரமே உடலுக்கும் ஆளுமைக்கும் உள்ள உறவைத் தெளிவாக உணர்த்துகிறது.

ஆனால் ஆளுமை ஆடுவோன் தன் விருப்பப்படி ஆக்கிக்கொள்வதன்று. அக்காலத் திரினிடாட்டின் கழகங்கள் நிறத்தாலும் வர்க்கத்தாலும் வகுக்கப்பட்டிருந்தன. செல்வமிக்க வெள்ளையருக்குக் குயின்ஸ் பார்க். மாநிற மத்தியதர வகுப்பினருக்கு மேப்பிள். கறுப்பினக் கீழ்மத்தியதர வகுப்பினருக்கு ஷனன். கறுப்பரான ஜேம்ஸ், தம் கல்வித் தகுதியின் பேரில் மேப்பிளில் சேர்ந்தார். அத்தெரிவு தம்மைப் பொதுமக்களிடமிருந்து பிரித்து, தம் அரசியல் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் பின்தள்ளியதெனப் பின்னர் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். ஷனன் கழகத்தின் வில்ற்றன் செயின்ற் ஹில் 1923 ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்துக்குத் தெரிவாகாதபோது மக்கள் அதனைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகவே கொண்டனர். 1928 இல் அவர் சென்றார், தோல்வியுற்றார். அத்தோல்வியை ஜேம்ஸ் மூடி மறைக்கவில்லை. ஒருவரது மணிக்கட்டின் அசைவில் ஒரு மக்கட் கூட்டமே தன்னைக் கண்டுகொள்ளுமாயின், அம்மணிக்கட்டு சுமக்கவேண்டிய பாரம் எத்தகையது என்பதை அப்பக்கங்கள் சொல்லாமற் சொல்கின்றன. பிராங் வொறெல்லை மேற்கிந்திய அணித் தலைவராக்க வேண்டுமென ஜேம்ஸ் தம் பத்திரிகையில் வாதாடியதும், 1960–61 அவுஸ்திரேலியப் பயணத்துக்கு வொறெல் தலைமை தாங்கியதும் இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கன.

இதனை வாசிக்கும் இலங்கையர் எவருக்கும் கொழும்பு நினைவுக்கு வராமற் போகாது. சிங்கள விளையாட்டுக் கழகம், தமிழ் யூனியன், பறங்கியர் பொழுதுபோக்குக் கழகம், சோனகர் விளையாட்டுக் கழகம் எனப் பெயர்ப்பலகைகளே இனவாரிக் கணக்கெடுப்புப் போல் உள்ளன. தமிழ் யூனியன் ஆட்டக்காரரான சதாசிவம் 1948 இல் பிரட்மனின் அணிக்கெதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கினார். அவரது துடுப்பாட்டத்தின் எழில் குறித்த நினைவுக் குறிப்புகள் நிறையவே உள்ளன. அவ்வெழில் யாருக்கு எதுவாகப் பட்டது, தமிழருக்கு ஒன்றாகவும் ஏனையோருக்கு வேறொன்றாகவுமா என்பதை ஜேம்ஸின் வழிநின்று ஆராய்ந்தோர் அரிது.

சான்றிதழ் தேடும் போக்கு எமக்கும் புதிதன்று. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றினார். விடிய விடிய, வட்டக்களரியில், நாற்புறமும் இருந்து பார்க்கப்பட்ட கூத்து, சில மணி நேரத்துக்குள் சுருங்கிப் படச்சட்ட மேடையில் ஒரு பக்கம் பார்த்து நின்றது. அதன் பின்னரே எமது படித்த வர்க்கம் அதனைக் கலையென ஏற்றது. அப்பணியின் வரலாற்றுப் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கிராமத்திற் பகலெல்லாம் வயலில் உழைத்து, இரவு கனத்த உடுப்போடு துள்ளி ஆடியவனின் வியர்வையை நாற்புறமிருந்தும் கண்ட பார்வையாளர், அவனை இன்னார் மகன், இன்ன குடியினன் என்றும் அறிந்திருந்தனர். மைதானத்தைச் சுற்றி நின்று பொண்ட்மனைப் பார்த்தவர்களும் அவ்வாறே அறிந்திருந்தனர்.

ஜேம்ஸ் நூலில் எம்மை இன்றும் உறுத்தும் பகுதி வேறொன்று. அவரது உறவினரான ஜூடித், மகனின் நண்பர்கள் ஆடும் கிறிக்கெற் போட்டிக்கென விருந்து சமைத்து முடித்துவிட்டு, சற்றே களைப்பாக இருக்கிறது எனக் கூறி அமர்ந்து, மேசையில் தலை சாய்த்தவர் எழவேயில்லை. அவரது மரணம் ஒரு கிறிக்கெற் போட்டியோடு இணைந்தது பொருத்தமே என்று எழுதும் ஜேம்ஸ், அம்மையார் அவ்வாட்டத்தில் என்றும் தனி நாட்டம் காட்டியவரல்லர் என்பதையும் உடனே சேர்த்துக்கொள்கிறார். பின்னர் வரும் அழகியல் அதிகாரத்தில் அவ்வுடலுக்கு இடமில்லை.