நானூறு கட்டங்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஜெராக்ஸ் எடுத்த கட்டத்தாள்கள் மேசைமேல் கிடக்கின்றன. ஜப்பானியர்கள் கட்டுரை எழுதப் பழகுகிற தாள் இது. இருபதுக்கு இருபது, மொத்தம் 400 கட்டம். கட்டத்துக்கு ஓர் எழுத்து. முற்றுப்புள்ளிக்கும் தனிக் கட்டம் உண்டு. பத்தி தொடங்கினால் முதல் கட்டத்தைக் காலியாக விடவேண்டும். கொடுத்த தலைப்பு ‘என் ஒரு நாள்’. எழுதியவர்கள் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் என் ஜப்பானிய வகுப்புக்கு வருகிறவர்கள். நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு வகுப்புக்கு வருகிறவர்களும் அவர்களில் உண்டு.

இந்தத் தாளை நம்பி யாருக்கும் சர்டிஃபிகேட் வரப்போவதில்லை. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிற ஜே.எல்.பி.டி. ஜப்பானிய மொழித் தேர்வில், என்5 தொடங்கி என்1 வரை எந்தப் படியிலும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதவேண்டியதில்லை. கொடுத்த விடைகளில் ஒன்றைப் பென்சிலால் கறுப்பாக்கினால் போதும். ஆக, எழுத வைப்பதும் திருத்துவதும் உபரி வேலைதான். வாரம் முழுக்க நான் காத்திருப்பதும் அதற்குத்தான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிற ஒரு தம்பி எழுதிய வரி இது: “ஹஹா நி ‘இத்தே கிமாசு’ தோ இத்தே, தென்ஷா நி நோத்தே, பட்டரவாக்கம் தே ஒரிதே…” அம்மாவிடம் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லி, ரயிலில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி…

‘இத்தே’ என்றால் போய், ‘கிமாசு’ என்றால் வருகிறேன். வாசல் தாண்டும்போது வெறும் ‘போறேன்’ சொல்லாத பழக்கம் அங்கேயும் இருக்கிறது. அடுத்து வரும் ‘தோ’ நம்முடைய ‘என்று’. அது நிற்கிற இடமும் நம் ‘என்று’ நிற்கிற இடமேதான். அதன்பின் வரும் இரண்டாவது ‘இத்தே’க்குப் பொருள் ‘சொல்லி’. ‘கஞ்சி’ எனப்படும் சீன எழுத்தில் எழுதினால் இரண்டும் வேறு வேறு முகம். தம்பிக்கு இன்னும் ஒலியெழுத்தான ஹிரகானா மட்டும்தான் கைவந்திருக்கிறது. அதனால் ஒரே வரியில் ஒரே எழுத்துகள், ஒன்று கிளம்பிப் போகிறது, மற்றது சொல்லிவிட்டு நிற்கிறது. தெரிந்து செய்த விளையாட்டு இல்லை, தானாக விழுந்தது. ‘ஹஹா’வையும் விட்டுவிடக்கூடாது. தன் அம்மாவைப் பற்றிப் பிறரிடம் சொல்லும்போது ‘ஹஹா’, நேரில் கூப்பிட ‘ஒகாசான்’. சரியானதை எடுத்திருக்கிறார்.

ஒரிதே, நோந்தே, நோத்தே: இறங்கி, குடித்து, ஏறி. இதன் பக்கத்தில் அழுது, நடந்து, படித்து என்று வைத்துப் பாருங்கள். காதுக்கே ஒரு குறுகுறுப்பு. ‘வினையெச்சம்’ என்று ஒரு வார்த்தை சொன்னதும் வகுப்பில் பாதிப்பேர் முகம் தெளிந்துவிடும். ‘தபேதே மிரு’வுக்கு விளக்கமே வேண்டாம், சாப்பிட்டுப் பார், ‘மிரு’ என்றாலே பார்ப்பதுதான். இப்படிப்பட்டவற்றை அடுக்கித்தான் சுசுமு ஓனோ என்ற மொழியறிஞர் இரு மொழிக்கும் உறவு உண்டென்று வாதாடினார். யாழ்ப்பாணத்து சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனக்கும் அவ்வளவு தூரம் போகத் துணிச்சல் இல்லை. சிவப்புப் பேனாவுக்கு வேலை மிச்சம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மிச்சமான மையெல்லாம் ‘இல்’லில் செலவாகிவிடும். ஆவடியில் குடியிருக்கிறேன், அம்பத்தூரில் வேலை செய்கிறேன்: நமக்கு இரண்டுக்கும் ஒரே ‘இல்’. ஜப்பானியத்தில் இருப்பதற்கு ‘நி’, செயல் நடக்கிற இடத்துக்கு ‘தே’. “அம்பத்தூர் நி” வேலை செய்யாதவர் வகுப்பில் இல்லை. இன்னொருவர் காய்ச்சலுக்கு மருந்து ‘சாப்பிட்டிருக்கிறார்’. அங்கே மாத்திரையானாலும் குடிக்கத்தான் வேண்டும். திருத்தினேன். திருத்தும்போதே, மருந்தைச் சோறு மாதிரி சாப்பிடுகிற நம் வழக்கம்தான் வேடிக்கையோ என்று பட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்த தப்பு வேறொன்று. லீவு நாளைப் பற்றி ஒரு பெண் எழுதியிருந்தார்: அறையை ‘செய்சோ’ செய்தேன். சுத்தம் செய்வதுதான், பொருள் பிழையில்லை. ஆனால் வீட்டைக் கூட்டிப் பெருக்குவதற்கு ‘சோஜி’ என்பார்கள். ‘செய்சோ’ கம்பெனி, முனிசிபாலிட்டி வகையறா. ‘ஞாயிறன்று இல்லத்தில் துப்புரவுப் பணி மேற்கொண்டேன்’ என்பது போல. எங்கே பிடித்தார் இந்தச் சொல்லை என்று யோசிக்கவே வேண்டாம். செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே என்ற ஃபைவ் எஸ் போர்டு இந்தப் பக்கத்துப் பட்டறைச் சுவர்களில் தொங்குகிறது. பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கிய வட்டாரமாயிற்றே! டோக்கியோவில் படித்தவர் செய்யமாட்டார் இந்தப் பிழையை, அம்பத்தூர்க்காரருக்கே வாய்க்கும். அடித்துத் திருத்த மனசு வரவில்லை. பக்கத்தில் ‘சோஜி’ என்று சின்னதாக எழுதி வைத்தேன்.

குறில் நெடிலில் இவர்கள் சறுக்குவதே இல்லை. ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி; மற்றவர்கள் தடுமாறுகிற இடத்தைச் சும்மா தாண்டிப் போகிறார்கள். தடுக்கி விழுவது ‘வதஷி’யில்தான். சொல்லின் நடுவில் தனியாக வரும் ‘த’வை ‘அது’வில் சொல்வதுபோல் மெலிதாகச் சொல்லிப் பழகிய நாக்கு. சொன்ன மாதிரியே எழுதும் கை, வேண்டாத இடத்தில் தென்தென் எனப்படும் இரட்டைக் கோட்டைத் தலைமேல் போட்டுவிடும்.

மதிப்பெண் போடுவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஜப்பானில் சரிக்கு வட்டம், தப்புக்கு டிக். அந்த முறைப்படி முதல் வாரம் திருத்திக் கொடுத்தபோது, தாள் நிறைய வட்டத்தைப் பார்த்த ஒருவர் எல்லாமே முட்டை என்று நினைத்து வாடிப்போனார். பிறகு சொல்லிப் புரியவைத்தேன். மிக நன்றாக எழுதினால் ‘ஹனமரு’, பூ வட்டம். நடுவில் சுருள் சுழித்து, சுற்றிலும் இதழ் போடவேண்டும். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவது. பட்டரவாக்கத்துத் தம்பியின் அந்த வரிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன சென்சே, ஜாங்கிரி சுத்தியிருக்கீங்க?”