நேரலைக்குச் சொந்த சர்வர்: மூன்று மென்பொருட்கள், ஒரு தேர்வு

கல்யாணம், கும்பாபிஷேகம், ஆண்டு விழா என்று நேரலை விடுகிற ஸ்டுடியோக்காரர்கள் பெரும்பாலும் யூடியூபிலேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். இலவசம், எத்தனை பேர் வந்தாலும் தாங்கும். ஆனால் மண்டபத்து ஸ்பீக்கரில் ஓடும் சினிமா பாட்டை அதன் காப்புரிமைச் சோதனை நேரலையிலும் பிடித்துவிடும். பெண் வீட்டார், "எங்க சொந்தக்காரங்க மட்டும் பார்த்தா போதும், பாஸ்வேர்டு போட்டுக் குடுங்க" என்று கேட்டால் அங்கே அதற்கு வழியில்லை. சொந்த சர்வர் யோசனை அப்போதுதான் வருகிறது.

2 கோர், 4 ஜிபி ரேம் உள்ள சின்ன லினக்ஸ் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, என்ஜின்எக்ஸ் ஆர்டிஎம்பி மாட்யூல், மீடியாஎம்டிஎக்ஸ், ஓன்காஸ்ட் ஆகிய மூன்று இலவச மென்பொருட்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். மூன்றுக்கும் அனுப்பியது ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளிலிருந்துதான்: 720பி படம், 2.5 எம்பிபிஎஸ் பிட்ரேட்.

என்ஜின்எக்ஸ் மாட்யூல் இந்தத் துறையில் பழைய கை. உபுண்டுவில் ஒரே கட்டளையில் இறங்கிவிடும். இணையத்தில் இதைப் பற்றிக் கிடைக்கும் பாடங்களுக்குக் கணக்கில்லை. ஓபிஎஸ்ஸிலிருந்து ஆர்டிஎம்பி வழியாக வாங்கி, படத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, எச்எல்எஸ் கோப்புகளாக வைக்கும். பார்ப்பவரின் பிரவுசர் அந்தக் கோப்புகளை வரிசையாக இறக்கிக்கொள்ளும். வெறும் கோப்புகள் என்பதால், ஃபோல்டருக்கு என்ஜின்எக்ஸின் சாதாரண பாஸ்வேர்டு பூட்டே போதும். பெண் வீட்டார் கேட்டது இங்கே ஐந்து நிமிட வேலை.

சிக்கல் தாமதத்தில். ஒரு துண்டு 5 நொடி என்பது இதன் இயல்பு அமைப்பு. எச்எல்எஸ் விதிப்படி பிளேயர் கடைசியிலிருந்து மூன்று துண்டுகளாவது பின்தங்கியே ஓட்டத் தொடங்கும். அதோடு வெட்டி முடியாத துண்டையும் சேர்த்தால் இருபது நொடி ஆகிவிடுகிறது. துபாயில் இருக்கும் சித்தப்பா இன்னும் மாங்கல்ய தாரணத்துக்கு முந்தைய மந்திரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'தாலி கட்டியாச்சு' என்று செய்தி வந்துவிடும்.

இதில் பாதிப் பழி ஓபிஎஸ்ஸுடையது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. துண்டை, முழுப் படமாகப் பதிவாகும் கீஃபிரேம் இருக்கும் இடத்தில்தான் வெட்ட முடியும். ஓபிஎஸ்ஸில் கீஃபிரேம் இடைவெளியை 'ஆட்டோ'வில் விட்டால் எக்ஸ்264 என்கோடர் 250 ஃபிரேம் வரை போகும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் அது எட்டு நொடிக்கு மேல். சர்வரில் துண்டை 2 நொடி என்று எழுதி வைத்து என்ன பயன்? ஓபிஎஸ்ஸில் அந்த இடத்தில் 2 என்று போட்டு, துண்டையும் 2 நொடியாக்கினால் தாமதம் பாதிக்கு மேல் குறைகிறது.

இன்னொரு சோதனையும் செய்தேன். மண்டபங்களில் நெட் அடிக்கடி போகும் என்பதால், நேரலை ஓடும்போதே மொபைல் டேட்டாவை அணைத்துப் போட்டேன். என்ஜின்எக்ஸ், பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு, திரும்பி வந்த ஓபிஎஸ்ஸை 'ஏற்கெனவே ஒருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்' என்று வெளியே நிறுத்தியது. சும்மா கிடக்கும் அனுப்புநரைக் கழற்றிவிடும் ஒரு வரியை அமைப்புக் கோப்பில் சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த வரி இயல்பாக இருக்காது, நாமேதான் தேடிச் சேர்க்க வேண்டும். 1.2.2 பதிப்பு 2021-இல் வந்த பிறகு இந்த மாட்யூலில் பெரிய வேலை நடக்கவுமில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மீடியாஎம்டிஎக்ஸ், 2023 வரை ஆர்டிஎஸ்பி சிம்பிள் சர்வர் என்ற பெயரில் இருந்தது. கோ மொழியில் எழுதப்பட்டது. ஒரே ஒரு இயங்கு கோப்பு, பக்கத்தில் ஒரு அமைப்புக் கோப்பு, அவ்வளவுதான். அவிழ்த்து ஓட்டியதும் 1935-ஆம் போர்ட்டில் ஆர்டிஎம்பி, 8888-இல் எச்எல்எஸ், 8889-இல் வெப்ஆர்டிசி என்று எல்லாக் கதவுகளும் திறந்துகொள்கின்றன. ஐபி கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியைக் கொடுத்தால் அதையும் தானே போய் எடுத்துவரும். கோயில் கோபுரத்தில் ஏற்கெனவே கேமரா மாட்டியிருப்பவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

நெட்டை அணைக்கும் சோதனையில் இது அழகாகத் தேறியது. புதிதாக வரும் அனுப்புநர் பழையவரைத் தள்ளிவிட்டு அமரலாம் என்பது இதன் இயல்பு அமைப்பு. பார்ப்பவரின் பக்கமும் தானாகவே மறுபடி முயன்று படத்தைப் பிடித்துக்கொண்டது.

வெப்ஆர்டிசி முகவரியைத் திறந்தபோது தாமதம் ஒரு நொடிக்குள் வந்தது. ஆனால் சத்தமே இல்லை! ஓபிஎஸ் ஆர்டிஎம்பியில் அனுப்புவது ஏஏசி ஒலி. பிரவுசர்களின் வெப்ஆர்டிசிக்கு அது ஆகாது, ஓபஸ் வேண்டும். மீடியாஎம்டிஎக்ஸ் ஒலியை மாற்றிக் கொடுக்காது, அந்த டிராக்கை விட்டுவிடுகிறேன் என்று லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். ஓபிஎஸ் 30-ஆம் பதிப்பிலிருந்து இருக்கும் விப் (WHIP) என்கிற வெப்ஆர்டிசி அனுப்பும் முறையில் அனுப்பினால் ஒலி ஓபஸாகவே வருகிறது. அதோடு என்கோடரில் பி-ஃபிரேமையும் பூஜ்யமாக்க வேண்டும். இவ்வளவு பாடு பட்டாலும் வெப்ஆர்டிசியில் ஒவ்வொரு பார்வையாளருக்கும் சர்வர் தனித்தனி இணைப்பைத் தாங்கியாக வேண்டும். கோப்பாகப் போகும் எச்எல்எஸ்ஸைப் போல சிடிஎன்னில் தேக்கிவைத்துப் பரிமாற முடியாது. கேள்வி-பதில் வகுப்புக்கோ ஏலத்துக்கோ அது தேவை. கல்யாணத்துக்கு மீடியாஎம்டிஎக்ஸின் குறைதாமத எச்எல்எஸ் போதும். சில நொடிகளில் படம் வந்துவிடுகிறது. ஒரே நிபந்தனை, எச்டிடிபிஎஸ் சான்றிதழ் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் ஆண்ட்ராய்டில் ஓடும், ஐபோனில் ஓடாது. புகாரும் ஐபோன் வைத்திருக்கும் மாமாவிடமிருந்துதான் முதலில் வரும்.

ஓன்காஸ்ட் வேறு ரகம். நிறுவியதும் பக்கம், பிளேயர், அரட்டைப் பெட்டி, நிர்வாகத் திரை எல்லாம் தயார். கட்டளை வரியைப் பார்த்தாலே பயப்படுகிற நண்பருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு சர்வருக்கு ஒரு சேனல்தான். பார்ப்பவருக்குப் பாஸ்வேர்டு கேட்கும் வசதி இதில் கிடையாது. வந்த படத்தை எப்எப்எம்பெக் கொண்டு மறுபடி என்கோட் செய்வதால், 720பியோடு 480பியும் சேர்த்துக் கேட்டபோது என் 2 கோர் சர்வர் மூச்சு வாங்கியது. வீடியோத் துண்டுகளை எஸ்3 வகை இணையச் சேமிப்பகத்துக்கு நேராக ஏற்றிவிடும் வசதி இதன் பெரிய பலம். பார்வையாளர் கூட்டத்தின் சுமை அங்கே போய்விடும்.

மூன்றிலும் ஒரு பொதுக்குறை உண்டு: பாதுகாப்பு. மீடியாஎம்டிஎக்ஸும் என்ஜின்எக்ஸ் மாட்யூலும் இயல்பு அமைப்பில் யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம் என்று விட்டுவைக்கின்றன. ஓன்காஸ்ட்டின் நிர்வாகக் கடவுச்சொல்லோ ஊரறிந்த ஏபிசி123.

இந்த மூன்றுக்கு வெளியே, கொரியத் தயாரிப்பான ஓவன்மீடியாஎஞ்சின் குறைதாமதத்தையும் என்கோட் மாற்றத்தையும் ஒன்றாகத் தருகிறது. பெரிய அணி இருந்தால் பார்க்கலாம். கட்டண மென்பொருளான வவுசாவை, கேட்டவுடன் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்கிற நிறுவனங்கள் வாங்கலாம்.

மென்பொருள் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2.5 எம்பிபிஎஸ் படத்தை 200 பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் 500 எம்பிபிஎஸ் வெளியே போகும். மூன்று மணி நேர முகூர்த்தத்துக்கு 675 ஜிபி. சர்வர் வாடகையில் மாதம் எத்தனை ஜிபி அடக்கம், அதற்கு மேல் ஜிபிக்கு எவ்வளவு என்பதை மென்பொருளைத் தேடுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிட்ரேட்டை 1.5 எம்பிபிஎஸ்ஸாகக் குறைத்தாலே அது 405 ஜிபியாகிறது. மண்டபக் காட்சிக்கு அதுவே போதும். ஃபோனில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

என் ஓட்டு மீடியாஎம்டிஎக்ஸுக்கு. குறைதாமத எச்எல்எஸ், சான்றிதழ், கீஃபிரேம் 2, அனுப்பவும் பார்க்கவும் தனித்தனி பாஸ்வேர்டு என்று அமைத்துக்கொள்ளுங்கள். அரட்டையோடு பொதுவில் நடத்தும் நிகழ்ச்சி என்றால் ஓன்காஸ்ட். பாஸ்வேர்டும் வேண்டாம், பாட்டுப் பிரச்சினையும் இல்லை என்றால் யூடியூபை விட்டு வர வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை.