லோயர் ஆர்மும் புஷ்ஷும்: கெட்டியானால் போதுமா?

காரை ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை இது: "ரப்பர் புஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டு பாலியூரித்தேன் போடுங்க சார், வண்டி சொன்ன பேச்சு கேட்கும்." போட்டவர்களும் அதையே சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் எதை எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று பார்க்கணும். கழற்றிய ரப்பர் ஏழெட்டு வருஷம் உழைத்து, ஓரம் கிழிந்து, எண்ணெய் பட்டு ஊறிப்போனது. போட்டது புத்தம் புதுசு. அதே இடத்தில் கம்பெனி ரப்பரைப் புதுசாகப் போட்டிருந்தாலும் ஸ்டியரிங் இறுகியிருக்கும். புது ரப்பரையும் புது பாலியையும் ஒரே காரில், ஒரே டயரில், ஒரே அலைன்மென்ட்டில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்?

இந்த அறிவுரையில் எனக்கு இருக்கும் முக்கியமான குறை வேறு. அது புஷ்ஷுக்கு ஒரே ஒரு குணம்தான் உண்டு என்று நினைக்கிறது: கடினம். ஷோர் எண் 70 என்றால் நல்லது, 90 என்றால் இன்னும் நல்லது. ஆனால் புஷ் ஒரு மூட்டு. எந்தத் திசையில் பிடிக்கணும், எந்தத் திசையில் விடணும் என்ற இரண்டும் சேர்ந்ததுதான் அதன் வேலை.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1976-இல் திறந்த காவிரிப் பாலத்தை 2022-23-இல் மாதக்கணக்கில் மூடி, இணைப்புகளையும் அடியில் இருக்கும் தாங்கிகளையும் சரிசெய்தார்கள். சத்திரம் பேருந்து நிலையம் போக ஊரைச் சுற்றினோம். அந்தத் தாங்கி பாலத்தின் எடையை அசையாமல் தாங்கணும். அதே சமயம் வெயிலில் தளம் நீள்வதற்கு இடம் விடணும். "அசையுதே, கெட்டியாக்கிடு" என்று அதைப் பூட்டிவிட்டால் விரிசல் வேறு இடத்தில் விழும். புஷ்ஷும் அப்படித்தான்.

கம்பெனி ரப்பர் புஷ்ஷில் உள்குழாய், வெளிக்குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட் முறுக்கியதும் உள்குழாய் அசையாது. ஆர்ம் மேலே கீழே போகும்போது ரப்பர்தான் முறுகி இடம் கொடுக்கிறது. எதுவும் எதன் மீதும் உரசவில்லை; அதனால் கிரீஸ் வேண்டாம், புழுதி பற்றிய கவலையும் இல்லை. பாலி புஷ் பெரும்பாலும் ஒட்டப்படுவதில்லை, குழாய் அதற்குள் வழுக்கிச் சுழலும். கிரீஸ் வற்றினால் கீச்சிடும். அச்சில் சுழல்வதற்கு அது சரி. ஆனால் சாய்வதை அது கடுமையாக எதிர்க்கும்.

இங்கேதான் ஆர்மின் வடிவம் முக்கியமாகிறது. முன்சக்கர டிரைவ் கார்கள் பலவற்றில் லோயர் ஆர்ம் 'எல்' வடிவம். முன்புஷ், பின்புஷ் இரண்டின் அச்சும் காரின் நீளவாக்கில் ஒரே கோட்டில் இருந்தால் கதவுக்கீல் மாதிரி வேலை செய்யும். பாலிக்குப் பிரச்சினை இல்லை. சில கார்களில் பின்புஷ் செங்குத்தாக நிற்கும். அப்போது ஆர்ம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் புஷ் சாயணும். ரப்பர் சாயும். கெட்டி பாலி முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கும் புஷ் கணக்கில் இல்லாத ஒரு ஸ்பிரிங். அந்த விசை போய்ச் சேர்வது ஆர்மிலும் பிராக்கெட்டிலும். அந்தப் பின்புஷ்ஷில் சில சமயம் ஓட்டைகள் தெரியும். "காசு மிச்சம் பிடிச்சிருக்கான்" என்பார்கள். அந்த ஓட்டை ஒரு திசையில் மட்டும் மென்மை வேண்டும் என்று வைத்தது.

சரி, கெட்டியாக்குவதால் என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்கு. எண்கள் என் அனுமானம். உங்கள் காரை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரட்டின் மேல் முனை தரையிலிருந்து 800 மி.மீ., பால் ஜாயிண்ட் 200 மி.மீ. உயரம். வளைவில் வெளிச்சக்கர டயரில் பக்கவாட்டு விசை 400 கிலோ. மேல் முனையை மையமாக வைத்து நெம்புகோல் கணக்குப் போட்டால் ஆர்மில் வருவது 400 × 800 ÷ 600, அதாவது சுமார் 533 கிலோ. டயரில் வருவதைவிட ஆர்மில் வருவது அதிகம்!

அந்த விசையில் பால் ஜாயிண்ட் 1 மி.மீ. உள்ளே நகர்ந்தது என்று வைப்போம். கேம்பரில் வித்தியாசம் 600-இல் 1, சுமார் 0.1 டிகிரி. டோ? டை ராடு பிடிக்கும் இடம் பால் ஜாயிண்ட்டிலிருந்து 120 மி.மீ. தள்ளி என்றால் 120-இல் 1, கிட்டத்தட்ட அரை டிகிரி. ஐந்து மடங்கு! "பாலி போட்டதும் கேம்பர் நிக்குது சார்" என்று உணர்வதில் பெரும்பகுதி டோ நிற்பதுதான். ஸ்டியரிங் ரேக் அச்சுக்குப் பின்னால் இருக்கும் காரில் இந்த நகர்வு வெளிச்சக்கரத்தை வளைவுக்குள் திருப்பும். முன்னால் இருந்தால் வெளியே திருப்பும். ரேக்கைப் பிடிக்கும் ரப்பரும் நசுங்கும் என்பதால் கம்பெனி பொறியாளர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் சமன்செய்கிறார்கள். ஆர்ம் புஷ்ஷை மட்டும் கெட்டியாக்கினால் அந்தச் சமன் மாறும். எந்தப் பக்கம் மாறும் என்பதைக் கார்தான் சொல்லணும், பெட்டியில் இருக்கும் ஷோர் எண் சொல்லாது.

நம்மூர் உதாரணமாக மாருதி 800. 1983-இல் வந்த அந்தக் காரின் முன்பக்கத்தில் ஒற்றைக் கை ஆர்ம். முன்பின் அசைவைத் தடுப்பது ஸ்டெபிலைசர் பார். 1950-களின் தொடக்கத்தில் ஃபோர்டு கான்சலில் மெக்பெர்சன் ஸ்ட்ரட் வந்தபோதும் இதே ஏற்பாடுதான். ஆக, 800-இல் பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பின்னுக்குப் போகாமல் பிடிப்பது பாரும் அதன் புஷ்களும். "ஆர்ம் புஷ் பாலி போட்டாச்சு" என்பவரின் 800 பிரேக்கில் இன்னும் அலைந்தால் ஆச்சரியமில்லை. ஒரே 'கிட்' எல்லாக் காருக்கும் ஒரே பலன் தராததற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அடுத்த கட்டம் உலோக உருளை மூட்டு, அதாவது ரோஸ் ஜாயிண்ட். "ரேஸ் கார்ல அதுதானே இருக்கு?" இருக்கிறது. எஸ். கரிவர்தன் மாருதி இன்ஜினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி மாதிரியான ஒற்றை இருக்கைக் கார்கள் ட்ராக்குக்கு லாரியில் வரும், லாரியில் போகும். ஒவ்வொரு ரேஸுக்குப் பின்னும் மூட்டை ஆட்டிப் பார்க்க ஒருவர் இருப்பார். திருச்சியில் ட்ராக் கிடையாது. அவர் பெயர் தாங்கிய செட்டிபாளையம் ட்ராக்குக்கு ஏறக்குறைய 200 கி.மீ.; இருங்காட்டுக்கோட்டைக்கு 300-க்கு மேல். நம்மில் பலர் அதே காரை ஓட்டிப்போய், ட்ராக்கில் விரட்டி, ஓட்டியே திரும்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை வளைவில் 500 கிலோ தாங்கிய ஆர்ம்தான் திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளியில் விடப்போகிறது. உலோக மூட்டு புழுதியில் தேயும். வேகத்தடையின் அடியை அப்படியே பாடிக்குக் கடத்தும். ரேஸ் காருக்குச் சரியான விடை, வேறொரு கேள்விக்கான விடை.

திருச்சிக்கே உரிய சபலம் ஒன்றும் உண்டு: "துவாக்குடியில பைப் வெச்சு ஆர்ம் பண்ணிடலாம்." பெல் கொதிகலன் தொழிற்சாலையும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் ஊர், நம் வெல்டர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கொதிகலனில் முக்கியமான வெல்டுக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். உங்கள் ஆர்முக்கு யார் எடுப்பார்கள்? ஆர்ம் ஒவ்வொரு பிரேக்கிலும் வளைவிலும் இழுபட்டு அமுங்கும். வெல்டின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய பள்ளத்தில் விரிசல் தொடங்கி, ஒரு நாள் சொல்லாமல் உடையும். கம்பெனியின் தகட்டு ஆர்ம் அழகில்லை. ஆனால் பலமாக அடிபட்டால் பெரும்பாலும் வளையும், அலைன்மென்ட்டில் காட்டிக்கொடுக்கும். நீளத்தை மாற்றி நெகட்டிவ் கேம்பர் எடுக்கத்தான் பைப் ஆர்ம் என்றால், அதைப் பல கார்களில் ஸ்ட்ரட்டின் மேல் முனையிலேயே எடுக்கலாம்.

ஆகவே என் வரிசை இது. முதலில் புது கம்பெனி ஆர்ம், புது ரப்பர், புது பால் ஜாயிண்ட். புஷ் போல்ட்டைக் கார் தன் எடையில் தரையில் நிற்கும்போது மட்டுமே முழுசாக முறுக்கணும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு அலைன்மென்ட், நல்ல டயர், பிரேக். அதற்கப்புறமும் குறை தெரிந்தால் முன்புஷ்ஷை மட்டும் கெட்டியாக்குங்கள். பின்புஷ்ஷின் அச்சைப் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள். உலோக மூட்டு லாரியில் போகும் காருக்கு. போட்டியில் ஓடப்போகிறீர்கள் என்றால், எதை மாற்றலாம் என்ற விதிப்புத்தகத்தை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

விற்பவரிடம் ஷோர் எண் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் புஷ் எந்தப் பக்கம் அசையணும்?" பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.