வைட் ஆங்கிள் வழக்கமும் புதுக்கோட்டைக் கல்வேலையும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் குடைவரைகளையும் கற்றளிகளையும் படமெடுக்க வருவோரிடம் அண்மை ஆண்டுகளில் ஒரு வழக்கம் உறுதிப்பட்டுள்ளது: கேமராவில் முதலில் மாட்டப்படுவதும் பெரும்பாலும் கடைசிவரை கழற்றப்படாததும் வைட் ஆங்கிள் எனப்படும் அகலக் கோண லென்ஸே. கைப்பேசிகளில் இரண்டாவது கேமராவாக இதுவே இடம்பிடித்துவிட்டதால், தனியாக லென்ஸ் வாங்காதவர்களும் இவ்வழக்கத்துக்குள் வந்துவிட்டனர். சித்தன்னவாசல் போன்ற குடைவரையில் பின்வாங்கி நிற்க இடமில்லை என்பதால் இதற்குத் தக்க காரணமும் உண்டு. ஆயினும் இட நெருக்கடியில் பிறந்த ஒரு தீர்வு, இடம் தாராளமாக உள்ள நார்த்தாமலைப் பாறைவெளியிலும் கேள்வியின்றித் தொடரும்போது அதைத் தேர்வு என்று சொல்ல முடியாது. இவ்வழக்கத்தின் தகுதியை லென்ஸின் விலையையோ கூர்மையையோ கொண்டு அளப்பதைவிட, எதிரே இருக்கும் கல்வேலை தட்டையானதா, புடைத்ததா, முழுத் திரட்சியுடையதா என்பதைக் கொண்டு அளப்பதே பொருந்தும்.

லென்ஸின் ஒளிமையத்துக்கும், தொலைவுப் பொருளின் பிம்பம் தெளிவாக விழும் தளத்துக்கும் இடைப்பட்ட தூரமே குவியத் தூரம் எனப்படுகிறது. அது குறையக் குறையக் காட்சிக் கோணம் விரிகிறது. 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ள முழுச்சட்ட உணரியில் 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 47 பாகையையும், 24 மி.மீ. லென்ஸ் 84 பாகையையும், 16 மி.மீ. லென்ஸ் 107 பாகையையும் உள்ளடக்குகின்றன. தொடக்கநிலைக் கேமராவோடு கிடைக்கும் 18–55 மி.மீ. கிட் லென்ஸ், அக்கேமராவின் உணரி சிறிது என்பதால், 18 மி.மீ. முனையில் முழுச்சட்டத்தின் 27 மி.மீ. அளவுக்கே விரிகிறது. அகலக் கோண லென்ஸ் அண்மைப் பொருளைப் பெரிதாக்கிப் பின்னணியைத் தள்ளிவிடுகிறது என்று பரவலாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். முன்பின் விகிதத்தைத் தீர்மானிப்பது கேமரா நிற்கும் தொலைவு மட்டுமே. அகலக் கோணம் செய்வதெல்லாம் படமெடுப்பவரைப் பொருளின் அருகே செல்லத் தூண்டுவதுதான், அந்த நெருக்கமே விகிதத்தைக் கெடுக்கிறது.

வழக்கத்தின் வலிமை முழுமையாக வெளிப்படும் இடம் சித்தன்னவாசல் அறிவர் கோயில். கருவறை ஏறத்தாழ 9½ அடிச் சதுரமும் 7½ அடி உயரமும் கொண்டது, முன்மண்டபமும் குறுகலானதே. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு தருகிறது. முன்மண்டப விதானத்தின் தாமரைக் குளத்தில் மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் பூக்கொய்யும் மனிதர்களும் ஒரே பரப்பில் பின்னிக் கிடக்கின்றனர். இந்தக் குளத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தால் அதன் அமைப்பு புரியாது. விதானத்துக்கு 2 மீட்டர் கீழே வைத்த 24 மி.மீ. லென்ஸ் 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள பரப்பை ஒரே படத்தில் தந்துவிடுகிறது. ஓவியம் தட்டையான பரப்பில் இருப்பதால், உணரி விதானத்துக்கு இணையாக வைக்கப்பட்டால், நேர்கோட்டைக் கோடாகவே காட்டும் நல்ல அகலக் கோண லென்ஸ் அதன் வடிவத்தைத் திரிப்பதே இல்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. கேமராவை நிமிர்த்திக் கையில் பிடித்துக்கொண்டு குத்துமதிப்பாக மேலே குறிவைக்கும்போதுதான் குளம் ஒருபக்கம் சரிகிறது.

எனினும் ஒரே படத்தில் அடங்குவதற்கு ஒரு விலை உண்டு. 3 மீட்டர் விதானம் 6,000 புள்ளி அகலமுள்ள படத்தில் அடங்கும்போது ஒரு மில்லிமீட்டருக்கு 2 புள்ளிகளே கிடைக்கின்றன. தாமரை இதழின் வரைகோட்டையும் சுண்ணப் பூச்சில் ஓடும் மயிரிழை வெடிப்பையும் பிரித்தறிய அது போதாது. விலை குறைந்த லென்ஸ்களில் மூலைகள் மங்கியும் இருண்டும் போவதால் அந்த இரண்டும்கூட ஓரங்களில் முழுமையாகக் கிட்டுவதில்லை. அதே உயரத்திலிருந்து 50 மி.மீ. லென்ஸ் 1.44 மீட்டர் நீளமும் 0.96 மீட்டர் அகலமுமே காட்டும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வரிசையாக எடுத்துக் கணினியில் இணைத்தால், ஒட்டுமொத்தக் காட்சியும் நுண்விவரமும் ஒருங்கே கிடைக்கின்றன. ஆவணப் பணிக்கு இம்முறையே மேல். நினைவுக்கு ஒரு படம் போதுமென்பவருக்கு அகலக் கோணமே போதும். ட்ரைபாட் எனப்படும் முக்காலிக்கு அனுமதி கிடைக்காத சூழலில், மணலோ அரிசியோ நிரப்பிய சிறு துணிப்பையைத் தரையில் வைத்து, அதன்மேல் கேமராவை மல்லாக்கக் கிடத்தி, குமிழிமட்டத்தால் சமன் பார்த்து, 10 விநாடித் தாமதத்தில் ஷட்டரை இயக்குவது எந்த விலையுயர்ந்த துணைக்கருவிக்கும் குறையாத பலனைத் தருகிறது.

தட்டைப் பரப்பிலிருந்து புடைப்புச் சிற்பத்துக்கு வந்தவுடன் கணக்கு மாறுகிறது. நார்த்தாமலை மேலமலையில் சமணர் குடகு எனப்படும் குடைவரையின் மண்டபச் சுவர்களில் ஆளுயரத் திருமால் உருவங்கள் 12 வரிசையாக நிற்கின்றன. ஏறக்குறைய ஒரே அமைப்பில் செதுக்கப்பட்டிருப்பதே அவற்றின் தனித்தன்மை. முழுச்சட்டக் கேமராவில் 18 மி.மீ. லென்ஸின் பக்க ஓரம் நடு அச்சிலிருந்து சரியாக 45 பாகையில் விழுகிறது. அந்த ஓரத்தில் நிற்கும் ஒரு தூணோ தலையோ அதன் உயரத்தோடு ஒப்பிட ஏறத்தாழ 1.4 மடங்கு அகலமாகப் பதிவாகும். சுவரின் தட்டைப் பகுதி பிழையின்றி வந்தாலும், சுவரிலிருந்து எழும்பி நிற்கும் மார்பும் தோளும் முடியும் வெளிப்புறமாக இழுபடுவதால், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற உருவங்கள் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் பருத்தும் தோன்றுகின்றன. சிற்பியின் நோக்கம் ஒப்புமையாக இருக்க, படம் வேற்றுமையைக் காட்டுகிறது. இது ரசனைக் குறை என்று தள்ளிவிடக்கூடியதன்று. சிற்பங்களின் உடலளவை வைத்துக் காலம் கணிக்க முயலும் மாணவர் அத்தகைய படத்தை நம்பினால் முடிவே பிழையாகிவிடும்.

குடைவரைக்கு எதிரே திறந்த பாறையில் மேற்கு நோக்கி நிற்கும் விஜயாலய சோழீச்சரத்தில் அகலக் கோணத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. சதுரமான வெளிச்சுவருக்குள் வட்டமான கருவறையும், கீழே சதுரமாகத் தொடங்கி மேலே வட்டக் கழுத்தும் உருண்டைச் சிகரமுமாக முடியும் விமானமும் இக்கோயிலின் சிறப்பு. இங்கே வாசலருகே நின்று 16 மி.மீ. லென்ஸை அண்ணாந்து நீட்டுவோரின் படத்தில் முன்னுள்ள பாறையும் நந்தியும் பெருத்து, விமானம் பின்னுக்குச் சாய்ந்து, உருண்டைச் சிகரம் முட்டை வடிவாகிறது. பாறையிலேயே நாற்பது ஐம்பது மீட்டர் பின்வாங்கி 85 அல்லது 100 மி.மீ. லென்ஸால் எடுத்தால் தளங்களுக்கிடையிலான விகிதம் கட்டடக் கலைஞர் வரைந்த முகப்புத் தோற்றத்துக்கு நெருங்கி வருகிறது. பிற்பகல் வெயில் முகப்பில் நேராக விழும் நேரத்தில் இதற்கு வேறு துணைக்கருவியும் வேண்டியதில்லை. கொடும்பாளூர் மூவர் கோயிலில் எஞ்சியுள்ள இரண்டு விமானங்களுக்கும் இதுவே பொருந்தும். இரண்டையும் ஒன்றாக அடக்கும் ஆசையில் அருகே சென்று அகலக் கோணத்தில் எடுக்கப்படும் படங்களில் அவை ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து நிற்பது ஏறக்குறைய ஒரு மரபாகவே ஆகிவிட்டது.

இந்தச் சாய்வு புதிய சிக்கலன்று. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், புதுக்கோட்டைக் காட்சிகளைத் தனித் தொகுப்பாக 1858இல் வெளியிட்டார். மெழுகேற்றிய காகித நெகட்டிவில், பெரிய மரக் கேமராவில், நீண்ட நேரம் ஒளியூட்டி எடுக்க வேண்டியிருந்த அக்காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் நிற்குமிடம் முதலில் முடிவாயிற்று. லென்ஸை மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதியே கிடையாது. அவர் படங்களின் அமைதியான விகிதத்துக்கு அந்த வசதியின்மையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. வெளுத்துப்போன வானத்தில் மேகத்தை நெகட்டிவின்மேல் கையால் தீட்டிச் சேர்த்தவரும் அவரே என்பதால், அந்தப் பழமையைத் தூய்மை என்று கொண்டாடிவிடவும் முடியாது.

பெருவடிவக் கேமராக்களில் உணர்தளத்தை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் ஏற்பாடு பின்னர் வழக்கமாயிற்று. அதன் இன்றைய வடிவம் ஷிப்ட் லென்ஸ். கேமராவைச் சாய்க்காமலே கோபுர உச்சியை எட்ட இது உதவுகிறது, ஆனால் விலை லட்சத்தைத் தாண்டுகிறது. அதற்கு ஈடாகச் செலவில்லாத ஒரு வழி அகலக் கோண லென்ஸிலேயே இருக்கிறது என்பதை அதன் நற்பேறாகக் கொள்ளலாம். கேமராவைத் துல்லியமாக மட்டம் வைத்து, கட்டம் தேவைக்குமேல் விரியும்படி எடுத்து, கீழ்ப்பாதியின் வெற்றுத் தரையை வெட்டிவிட்டால் கிடைப்பது ஷிப்ட் லென்ஸின் படமேதான். புள்ளிகள் மட்டும் குறையும். சாய்த்து எடுத்துப் பின்னர் மென்பொருளில் நிமிர்த்துவதைவிட இது நேர்மையான முறை, ஏனெனில் நிமிர்த்தும்போது படத்தின் மேற்பகுதி இழுக்கப்பட்டு, விமானத்தின் உயரம் ஊகமாகிவிடுகிறது.

ஆவுடையார்கோயிலில் குறை வேறொரு வடிவம் கொள்கிறது. மண்டபங்களின் இருளைக் கண்டு, எஃப் 1.4 போன்ற பெரிய துளையுள்ள லென்ஸே தீர்வு என்று நம்பிப் பணம் செலவிடுவோர் பலர். எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. எண் சிறிதானால் துளை பெரிது. 50 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர் தொலைவில் எஃப் 1.4 வைத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் மட்டுமே. எஃப் 8 வைத்தால் அது முக்கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுகிறது. அங்குள்ள வீரபத்திரரும் குறவனும் குறத்தியும் தூணிலிருந்து கையும் ஆயுதமும் நீட்டி நிற்பவர்கள். மூக்கு தெளிந்தால் விரல் மங்குகிறது, விரல் தெளிந்தால் காதணி மங்குகிறது. திருமணப் படங்களில் விரும்பப்படும் அந்த மங்கல் இங்கே தகவலை அழிக்கிறது. எஃப் 1.4இல் 1/60 விநாடி போதுமான ஒளியில் எஃப் 8க்கு அரை விநாடி தேவைப்படும். கல் அசையாது என்பதால் அந்த அரை விநாடி பெரிய விலையன்று. ஆக, பெரிய துளைக்குக் கொடுக்கும் பணத்தை உறுதியான முக்காலியிலோ, கைநடுக்கத்தை ஈடுசெய்யும் வசதியுள்ள சாதாரண ஜூம் லென்ஸிலோ இடுவது அறிவுடைமை. பூசை வேளையில் நகரும் மனிதர்களையும் தீபத்தையும் பதிவுசெய்ய வேண்டியவருக்கு மட்டும் பெரிய துளை உண்மையிலேயே தேவை.

அதே கோயிலின் கொடுங்கைகளை, அதாவது மரச்சட்டமும் குறுக்குக் கம்பியும் ஆணியும் கல்லிலேயே வந்திருக்கும் வளைந்த இறவாரங்களை, அகலக் கோணம் அடியோடு தோற்கடித்துவிடுகிறது. வியப்பு முழுவதும் ஆணித்தலையின் அளவில்தான் இருக்கிறது. அதை எட்ட 135 அல்லது 200 மி.மீ. லென்ஸ் வேண்டும், அதோடு அடிவானத்திலிருந்து பக்கவாட்டில் வரும் வெளிச்சமும் வேண்டும்.

வெளிச்சத்தின் திசை எந்த லென்ஸையும்விட முக்கியமாகும் இடம் குடுமியான்மலை. பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரிகளாகப் பாறையில் பொறிக்கப்பட்ட 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டில் சுர எழுத்துகளின்மேல் சிறு புள்ளிகள் சில இடங்களில் உள்ளன, பி. ஆர். பண்டார்கர் இக்கல்வெட்டைப் பதிப்பித்த காலம் தொட்டு அப்புள்ளிகளின் பொருள் விவாதத்தில் இருக்கிறது. கேமராவின் தலையிலேயே இருக்கும் பிளாஷ் நேராக அடிக்கும்போது பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே அளவு ஒளி விழுந்து எழுத்தும் புள்ளியும் பாறைநிறத்தில் கரைகின்றன. விளக்கைக் கேமராவிலிருந்து பிரித்து, பாறையை உரசிக்கொண்டு போகும்படி பத்துப் பதினைந்து பாகைச் சாய்வில் பிடித்தால் ஒவ்வொரு கீறலும் நிழலோடு எழுகிறது. ஒரே திசையிலிருந்து மட்டும் காட்டினால் பாறையின் இயல்பான குழியும் புள்ளியாகத் தோன்றக்கூடும் என்பதால், கேமராவை அசைக்காமல் நான்கைந்து திசைகளிலிருந்து எடுத்து ஒப்பிடுவது நல்லது. இதற்கு ஒரு கை விளக்கும், நீளமான கம்பியோ கம்பியில்லா ஷட்டர் இயக்கியோ போதும். ஆனால் கடைகளில் முதலில் விற்றுப்போவது நேரடி பிளாஷ்தான்.

பில்டர்களைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. முனைவாக்கப் பில்டர் ஈரப்பாறையின் பளபளப்பைக் குறைக்கும், வானத்தை ஆழப்படுத்தும். ஆனால் அதன் விளைவு சூரியனுக்குச் செங்கோணத் திசையில்தான் உச்சம் பெறுவதால், அகலக் கோண லென்ஸில் மாட்டினால் வானத்தில் ஒரு பகுதி மட்டும் கருநீலத் திட்டாகிவிடும். லென்ஸைக் காக்கவென்று மாட்டப்படும் கண்ணாடி விளக்கொளியில் பிரதிபலிப்பையே சேர்க்கிறது. வெயில்மறைப்பு அதைவிட நன்றாகக் காக்கும்.

இவ்வளவு துணைக்கருவிகளுக்கிடையே பையில் பெரும்பாலும் காணப்படாதவை இரண்டு: சென்டிமீட்டர் குறித்த ஓர் அளவுகோலும், நிறம் ஒப்பிடும் அட்டையும். சித்தன்னவாசலின் காவிச் சிவப்பு சென்ற பத்தாண்டில் எவ்வளவு வெளுத்தது, சுண்ணப் பூச்சு எத்தனை விரற்கடை உதிர்ந்தது என்று பிற்காலத்தவர் கேட்கும்போது, அழகாக எடுக்கப்பட்ட ஆயிரம் அகலக் கோணப் படங்களால் விடை சொல்ல முடியாது. கோப்பில் குவியத் தூரம் தானாகப் பதிவாகிறது. கேமரா நின்ற இடமும் உயரமும் திசையும் பெரும்பாலும் துல்லியமாகப் பதிவாவதில்லை. அவற்றைத் தாளில் குறித்துவைப்பதும், ஓரத்தில் அளவுகோலோடு கூடுதலாக ஒரு படம் எடுப்பதும் சில நிமிட வேலை. அந்த ஒரு படம் இருந்தால் அடுத்தவர் எந்த லென்ஸோடு வந்தாலும் அதே இடத்தில் நின்று ஒப்பிட முடியும்.