மில்டனும் மன்னன் தலையும்

ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் பயின்ற நம்மவர்க்கு ஜான் மில்டன் என்பவர் ‘இழந்த சுவர்க்கம்’ பாடிய கவி என்ற அளவிலேயே அறிமுகமானவர். அக்காவியம் வெளிவந்தது 1667-ல். அதற்குப் பதினெட்டாண்டு முன்னரே, கொடுங்கோல் மன்னனைக் கொல்லுதல் நியாயமா என்ற வினாவுக்கு ‘நியாயமே’ என அச்சில் விடை பகர்ந்த மில்டனை நாம் படித்த பாடப் புத்தகங்கள் காட்டவில்லை. அவ்விடையையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலாம் சார்லஸ் 1629 முதல் 1640 வரை பார்லிமெண்டைக் கூட்டாமலே இங்கிலாந்தை ஆண்டான். ஆபத்துக் காலத்தில் கடற்கரையூர்கள் கப்பல் படைக்குக் கொடுத்துவந்த வரியைச் சமாதான காலத்தில் உள்நாட்டூர்களின் தலையிலும் சுமத்தினான். அரசன் கடவுளுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவன், குடிகளுக்கன்று என்பது அவன் கொள்கை. (கடவுள் வந்து கணக்குக் கேட்கமாட்டார் என்ற தைரியம் போலும்!) 1642-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. தோற்றுக் காவலிலிருந்தபோதும் ஸ்காத்லாந்தியருடன் இரகசிய உடன்படிக்கை செய்து, 1648-ல் மறுபடியும் இரத்தம் பெருகச் செய்தான். 1649 ஜனவரி 20-ல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கிற்று. 30-ந் தேதி வைட்ஹால் விருந்து மாளிகையின் வெளியே அவன் தலை துணிக்கப்பட்டது.

பிப்ரவரியில் மில்டனின் நூல் வந்தது. ‘அரசர், அதிகாரிகளின் பதவியுரிமை’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். மாந்தர் சுதந்திரராகவே பிறக்கின்றனர். தம்முள் தீங்கு நேராதிருக்க ஒருவனிடம் அதிகாரத்தை ஒப்படைத்தனர். ஒப்படைத்த பொருள் என்றும் ஒப்படைத்தவருடையதே. இவ்வளவுதான் வாதம். இதனினும் நாம் சுவைத்த பகுதி, மன்னனோடு போர் செய்துவிட்டு, தண்டனை என்றதும் அவன் உடல் புனிதமானது என்று பின்வாங்கிய பாதிரிமாரை அவர் சாடுமிடமாகும். களத்தில் பீரங்கியால் சுட்டபோது அவ்வுடல் புனிதமாயில்லையா என்ற கேள்விக்கு அவர்களிடம் மறுமொழியேது?

நிற்க. இந்நூலின் முகப்பிலேயே ஒரு குறை குடிகொண்டிருக்கிறது. கொடுங்கோலனை விசாரித்துக் கொல்லும் உரிமை யாருக்கு? அதிகாரம் கைவரப்பெற்ற எவர்க்கும் உண்டென்று முகப்பு கூறுகிறது. ஜனங்களுக்கு என்று அங்கே கூறவில்லை! 1648-ல் அதிகாரம் யார் கையிலிருந்தது? டிசம்பர் 6-ந் தேதி கர்னல் பிரைடு என்பவர் சிப்பாய்களுடன் பார்லிமெண்டு வாசலில் நின்று, மன்னனோடு சமாதானம் நாடிய அங்கத்தினர்களை உள்ளே விடாது தடுத்தார். பிரபுக்கள் சபை விசாரணைக்கு உடன்பட மறுத்தது. எஞ்சிய சிலரே நீதிமன்றத்தை அமைத்தனர். 135 பேர் நியமனம் பெற்றும், மரணக் கட்டளையில் ஒப்பமிட்டவர் 59 பேரே. எந்த அதிகாரத்தால் என்னை விசாரிக்கிறீர் என்று சார்லஸ் திரும்பத் திரும்பக் கேட்டான். கேட்டவன் கொடுங்கோலன் என்பதால் கேள்வி கெட்டுவிடுமா? குற்றம் மெய், மன்னனும் கூண்டிலேறத்தக்கவனே. ஆனால், ஜனங்களின் பெயரால் தீர்ப்புச் சொன்னவர்க்கு ஜனங்கள் அதிகாரம் கொடுக்கவில்லை என்பதே நம் கருத்து.

மன்னர் கதை நமக்கெதற்கு என்னும் தோழர்கள் மன்னன் என்ற சொல்லை நீக்கிவிட்டுப் படிக்கலாம். சங்கத்திலும் கோயில் கமிட்டியிலும் ஒப்படைத்த பொறுப்புக்குக் கணக்குக் கேட்பவர் யார், யார் பெயரால் கேட்கிறார் என்ற சச்சரவு நாம் காணாததா?

மன்னன் இறந்த சில நாளில் ‘மன்னனின் திருவுருவம்’ என்றொரு புத்தகம் கடைக்கு வந்தது. அவனே எழுதியதென்று விளம்பரம். பின்னாளில் ஜான் காடன் என்ற பாதிரியார் அதைத் தாமே இயற்றியதாகக் கூறினார். முகப்புப் படத்தில் மன்னன் முழந்தாளிட்டு, முள்முடி ஏந்தி, வானத்து முடியை நோக்குகிறான். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் ஏறத்தாழ 35 பதிப்புகள்! புதிய அரசாங்கம் அப்போது அயல்மொழிக் காரியதரிசியாயிருந்த மில்டனை மறுப்பெழுதப் பணித்தது. அக்டோபரில் ‘உருவ உடைப்போன்’ வெளிவந்தது. சம்பளத்துக்கு எழுதினார் என்று இதனை இகழ்வோர் உளர். கிராணி வேலை பார்த்துப் பிழைக்கும் நாம் அவ்விகழ்ச்சியில் சேரோம். மன்னன் பெயரால் வந்த பிரார்த்தனையொன்று சிட்னியின் ‘ஆர்க்கேடியா’ கதையில் ஒரு பெண் செய்யும் பிரார்த்தனையே என்று அவர் கண்டுபிடித்துக் காட்டுமிடம் நகைக்கத்தக்கது.

ஆயினும் அந்நூலின் இறுதியில், மன்னனுக்காக அழுத ஜனங்களை உருவத்தில் மயங்கிய அறிவிலிக் கும்பலென்று ஏசுகிறார். பிப்ரவரியில் அதிகாரத்தின் சொந்தக்காரர், அக்டோபரில் கும்பல்! அவர்கள் ஏன் அழுதனர்? தம்மைக் கேளாமல் தம் பெயரால் ஒருவனை வெட்டியதைக் கண்டவர்கள், வெட்டுண்டவன் பக்கம் சாய்வது இயல்பு. கேட்டிருந்தால் மன்னனைப் பிழைக்க விட்டிருப்பர் என்று வாதிப்பாரும் உண்டு. விட்டிருக்கலாம். முடியைப் பறித்துக் காவலில் வைத்திருந்தாலும் ஒப்படைத்த பொருள் திரும்பி வந்ததாகவே ஆகும். அவன் தலையின்றியும் மில்டனின் தத்துவம் நிறைவேறும். இவ்வழியை மில்டன் ஊன்றி ஆராயவில்லை.

1660-ல் முடியாட்சி திரும்பும் தறுவாயில், கண்ணிழந்த நிலையிலும் அஞ்சாமல் அவர் மற்றொரு நூல் எழுதினார். அத்துணிவை நாம் வணங்குகின்றோம். அந்நூலிலும், ஒருமுறை தெரிந்தெடுத்த பெருஞ்சபை, மறுதேர்தலின்றி நிலையாக ஆளட்டும் என்றே யோசனை கூறினார். மே 29-ந் தேதி இரண்டாம் சார்லஸ் லண்டனுள் புகுந்தான். ஆகஸ்டில் ‘உருவ உடைப்போ’னைக் கொளுத்தும்படி கட்டளை பிறந்தது. 1662 முதல் 1859 வரை, ஜனவரி 30-ந் தேதிதோறும் ஆங்கிலத் திருச்சபையார் மாண்ட மன்னனைத் தியாகியென்று ஏத்தி வழிபாடு நடத்திவந்தனர்.